ஏழு மணி நேரம் தள்ளி ஒரு ஊழியர்

என் அக்கா பல் செய்கிறவள். பல் வைத்தியர் அல்ல. யாராவது குழப்பிக்கொண்டால் அவளே திருத்துவாள். "அவங்க வாய்க்கு உள்ள வேலை பாக்கறவங்க. நான் வாய்க்கு வெளிய." உடைந்த பல்லுக்கு மேலே மாட்டும் கேப், நடுவில் பல் விழுந்த இடத்துக்குப் பாலம், விபத்தில் முன்பற்கள் போனவர்களுக்குப் புது முன்பற்கள் எல்லாம் ஏதோ ஒரு பட்டறையில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து செய்வதுதான். அப்படி ஒரு பட்டறை எங்களுடையது.

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் மூன்று அறைகள். முதல் அறையில் தண்ணீர்த் தொட்டியும் பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மூட்டைகளும் இருக்கின்றன. அங்கே எவ்வளவு கழுவினாலும் வாசல் வரை வெள்ளைக் காலடித் தடம் தெரியும். இரண்டாவது அறையில் பல்லைக் கடையும் இயந்திரமும் சின்ன உலையும். மூன்றாவது அறையில் இரண்டு கணினிகள், ஒரு அலமாரி, நான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நிர்வாகவியல் படித்தேன். அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூன்று வருடம் ஆகிறது. "பட்டதாரி, அந்தப் பெட்டியை எடு." "பட்டதாரி, தண்ணி மோட்டாரை நிறுத்து." பாராட்டா கேலியா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் இரண்டும் என்பாள்.

வேலை இப்படி நடக்கும். மருத்துவர் நோயாளியின் வாயை ஒரு சின்னக் கருவியால் படம் பிடித்து அனுப்புவார். அந்தப் படத்தில் பல் இல்லாத இடத்துக்குப் பொருத்தமான ஒரு பல்லைக் கணினியில் யாராவது உருவாக்க வேண்டும். மேல் பல்லோடு எங்கே முட்டும், பக்கத்துப் பல்லோடு எவ்வளவு நெருங்கும், மெல்லும்போது எந்தப் பக்கம் சரியும் என்று பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். வரைந்ததை இயந்திரம் வெள்ளைப் பீங்கான் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கும். உலையில் சுட்டால் சுருங்கிக் கெட்டியாகும். கடைசியில் அக்கா தூரிகையால் நிறம் தீட்டிப் பளபளப்பு ஏற்றுவாள். கடைவதற்கும் சுடுவதற்கும் இயந்திரம் உண்டு, தீட்டுவதற்கு அக்கா இருக்கிறாள். வரையத்தான் ஆள் கிடைக்கவில்லை. நன்றாக வரையத் தெரிந்தவர்கள் பெரிய பட்டறைகளுக்குப் போய்விடுவார்கள். மூன்று அறைப் பட்டறைக்கு யார் வருவார்?

ஆறு வருடங்களுக்கு முன் அக்கா வெளிநாடுகளில் ஆள் தேட ஆரம்பித்தாள். அவள் படித்தது பத்தாம் வகுப்பு. கடவுச்சீட்டு கிடையாது. இன்றைக்கு அவளிடம் மூன்று நாடுகளில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை.

அவர்களுடைய பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. நுழையாத பெயரைக் கடித்துக் குதறுவது மரியாதை இல்லை என்று சொல்லி, நேர வித்தியாசத்தையே பெயராக வைத்துவிட்டாள். நமக்கு மூன்று மணி நேரம் முன்னால் இருக்கும் நாட்டுக்காரர் ‘முன்மூணு’. இரண்டு மணி நேரம் பின்னால் இருப்பவர் ‘ரெண்டு’. ஏழு மணி நேரம் பின்னால் இருக்கும் பெண் ‘ஏழு’. அந்தப் பெண்ணின் நாட்டில் கோடை வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைப்பார்கள். அதனால் பாதி வருடம் அவள் உண்மையில் ‘ஆறு’. "வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒருத்திக்குப் பேர் வைக்க என்னால முடியாது, ஏழுன்னே இருக்கட்டும்" என்று அக்கா தீர்த்து வைத்தாள். மூவருக்கும் தங்கள் பெயரின் காரணம் தெரியும். ரெண்டு தன் மகளிடம் அதைச் சொல்ல, அந்தக் குழந்தை அக்காவுக்கு ‘பூஜ்யம்’ என்று பெயர் வைத்ததாம். அக்கா அதைப் பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வாள்.

ஆள் எடுக்க அவளுக்கு ஒரே ஒரு வழிதான். அவளுடைய கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. தன் வாயைப் படம் பிடித்து அனுப்பி, அந்த ஓட்டைக்கு ஒரு பல் வரையச் சொல்வாள். அந்தப் படத்தில் வேண்டுமென்றே ஓர் ஓரத்தை மங்கலாக விட்டிருப்பாள். மங்கலான இடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் பல்லை வரைந்து அனுப்புகிறவர், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வேலைக்கு இல்லை. "தெரியாததைத் தானா நிரப்பிட்டான். நாளைக்கு யாரோ ஒருத்தர் வாயில நிரப்புவான்." இருபத்துச் சொச்சம் பேர் அந்த ஓட்டையில் தோற்றுப் போனார்கள். அத்தான், அதாவது அக்காவின் கணவர், செய்து முடித்த பற்களை மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். அவர் சொல்வார், "அந்தப் பல்லை மட்டும் கட்டிடாத. கட்டினா நமக்கு ஆளே கிடைக்காது."

தூரத்து ஆட்களை வைத்து வேலை வாங்குவது வெளியிலிருந்து பார்க்கும்போது சுலபமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. உண்மையில், இங்கே வேலை நாளாக இருப்பது அங்கே விடுமுறையாக இருக்கும். ஒருவருக்கு மின்சாரம் போகும், இன்னொருவருக்கு இணையம் போகும். நாங்கள் அனுப்பிய கணினி வரைபலகை ஒன்று சுங்கத்தில் நான்கு மாதம் கிடந்து, வந்து சேர்ந்தபோது உடைந்திருந்தது. ரெண்டு, நாம் எதைச் சொன்னாலும் ‘ஆமாம்’ என்பார். புரியாவிட்டாலும் ஆமாம்தான். அவர் ஊரில் முதலாளியிடம் இல்லை என்று சொல்வது முறையில்லை போலிருக்கிறது. அக்கா அவரிடம் "புரிஞ்சதா?" என்று கேட்பதையே நிறுத்திவிட்டாள். "இதுல எது தப்பாப் போகும்?" என்று கேட்பாள். அதற்கு ஆமாம் என்று பதில் சொல்ல முடியாது. அவர் யோசித்துத்தான் ஆகவேண்டும்.

ஏழு முன்பற்களில் கெட்டிக்காரி. பின்பக்கப் பல் மெல்லுகிறதா என்று பார்த்தால் போதும். முன்பல் சிரிக்கவும் வேண்டும். அவள் வரைந்த முன்பல் சரியில்லை என்று திரும்பி வந்ததே இல்லை. நாலு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. அக்கா யாரையும் சுலபத்தில் புகழமாட்டாள். ஏழு வரைந்ததைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ம்" என்பாள். அந்த ‘ம்’ எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

நான் பட்டம் வாங்கி வந்து பட்டறையில் சேர்ந்ததும் எனக்கு உறுத்திய முதல் விஷயம், இந்த மூவருக்கும் ஒரு காகிதம்கூட இல்லை என்பது. எல்லாமே வாய்ச்சொல்லும் குறுஞ்செய்தியும். படித்தவள் ஒருத்தி வந்திருக்கிறாள் என்பதற்கு அடையாளம் வேண்டாமா? இணையத்தில் தேடி, ஒரு நல்ல ஒப்பந்தத்தைக் கண்டுபிடித்து, எங்களுக்குத் தகுந்தபடி திருத்தி எழுதினேன். ‘இவர் தனித் தொழில் செய்பவர், தன் வேலை நேரத்தைத் தானே தீர்மானிப்பவர், பட்டறையின் ஊழியர் அல்ல.’ இப்படி எழுதினால் பட்டறைக்குப் பொறுப்பு குறைவு என்று கல்லூரியில் படித்திருந்தேன். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவும் போட்டாள். பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த மாதமே இன்னொன்றும் செய்தேன். தூரத்தில் இருப்பவர்கள் உண்மையில் வேலை செய்கிறார்களா என்று எப்படித் தெரியும்? அவர்கள் கணினியில் எப்போது உட்கார்ந்தார்கள், எப்போது எழுந்தார்கள் என்று நிமிடம் நிமிடமாகக் குறித்து மாதக் கடைசியில் தாள் எடுத்துத் தரும் ஒரு மென்பொருளை மூவருக்கும் ஏற்ற வைத்தேன்.

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "பல்லைப் பாத்தாத் தெரியாதா, வேலை செஞ்சாங்களா இல்லையான்னு?"

"அக்கா, எல்லாத்துக்கும் ஒரு அளவு வேணும்."

"சரி, வாங்கு. உனக்கும் ஏதாவது வேலை வேணும்ல."

ஒரு கையால் ‘உன் நேரம் உன் இஷ்டம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் அவர்கள் தலைமேல் கடிகாரத்தை மாட்டியிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான்கு வருடப் படிப்பில் இரண்டும் வெவ்வேறு பாடத்தில் வந்தவை.

இரண்டு வருடம் ஓடியது. போன வருடம் ஒரு புதன்கிழமை, ஏழின் நாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொழிலாளர் அலுவலகத்தின் முத்திரை. நான் மூன்று தடவை படித்துவிட்டு அக்காவை பிளாஸ்டர் அறையிலிருந்து கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னவாம்?"

"ஏழு கர்ப்பமா இருக்காளாம்."

"அதுக்கு அரசாங்கமா கடிதம் போடும்? ரொம்ப நல்ல நாடா இருக்கே."

விஷயம் இதுதான். பேறுகால விடுப்புக்கும் உதவித் தொகைக்கும் விண்ணப்பிக்க ஏழு அங்குள்ள அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். உன் முதலாளி யார் என்று கேட்டிருக்கிறார்கள். முதலாளி இல்லை, தனித் தொழில் என்று நான் எழுதிக் கொடுத்ததையே அவளும் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் உன் வேலைக்கு அத்தாட்சி காட்டு என்றதும், கையிலிருந்த ஒரே அத்தாட்சியைக் காட்டியிருக்கிறாள். அது என் மென்பொருள் மாதம்தோறும் அடித்துத் தந்த நேரத்தாள். அதை அதிகாரி புரட்டிப் பார்த்திருக்கிறார். தினமும் காலை ஒன்பதுக்கு உட்கார்ந்து மாலை ஐந்துக்கு எழுந்திருக்கிறாள், எழுந்து தேநீர் குடித்த பத்து நிமிடம்கூட யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள், இது எப்படித் தனித் தொழில் என்று கேட்டு எங்களுக்கு எழுதிவிட்டார். ஏழு உங்கள் ஊழியரா இல்லையா? காணொளியில் விசாரணை, ஆறு நாளில்.

"ஊழியர்னா அவளுக்குப் பதினெட்டு வாரம் சம்பளத்தோட லீவு. நாம அந்த நாட்டுல முதலாளின்னு பதிவு பண்ணணும். அவ சேந்த நாள்லேர்ந்து காப்பீட்டுக்கு நம்ம பங்கைக் கட்டணும்" என்றேன்.

"இல்லன்னா?"

"இல்லன்னா நமக்கு ஒண்ணும் இல்ல."

"நமக்கு இல்ல சரி. அவளுக்கு?"

நான் கடிதத்தை மறுபடியும் பார்ப்பது போல் பார்த்தேன்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் வக்கீலிடம் போனோம். சிறு நிறுவனங்களுக்குப் பதிவு வேலை பார்த்துக் கொடுக்கிற, நிதானமான அம்மா. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. இது போதும். விசாரணையில ஒரே வரி சொல்லுங்க, அவங்க நேரத்தை அவங்களே முடிவு பண்றாங்கன்னு. அந்த நேரத்தாள் கணக்குக்காக வெச்சதுன்னு சொல்லிடலாம். முடிஞ்சதும் ஒரு ரெண்டு மாசம் கழிச்சு வேற ஆளைப் பாத்துக்குங்க."

"அப்ப ஏழுக்கு என்ன கிடைக்கும்?" அக்கா விடவில்லை.

"ஒண்ணும் கிடைக்காதும்மா. தனித் தொழில் பண்றவங்க அங்க தாங்களே பதிவு பண்ணி, தாங்களே கட்டியிருக்கணும். இவங்க பண்ணல."

"ஏன் பண்ணல?"

வக்கீல் தோளைக் குலுக்கினார். எனக்குக் காரணம் தெரியும். தனித் தொழில் என்று எழுதிக் கொடுத்த நான், அப்படி எழுதினால் அவள் என்ன செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லவே இல்லை. அவளைப் பற்றி நான் யோசிக்கவில்லை. எங்கள் பட்டறையைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தேன்.

அன்று மதியம் அக்கா ஏழுவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அங்கே அப்போதுதான் காலை. இரண்டு பேருக்கும் பொதுவான அந்த அரைகுறை மொழியில் பேசிக்கொண்டார்கள். ஏழு அழுதாள். உங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று போகவில்லை, கேட்டார்கள் காட்டினேன், நீங்கள் என்ன சொல்லச் சொல்கிறீர்களோ அதையே சொல்கிறேன், வேலை மட்டும் இருக்கட்டும் என்றாள். அக்கா முழுதும் கேட்டாள். "உனக்கு எத்தனாவது மாசம்?" என்று மட்டும் கேட்டாள். ஆறாவது என்று பதில் வந்தது. "அப்ப காலைத் தொங்கப் போட்டு உக்காராத. ஒரு பெட்டியை வெச்சு அது மேல வை." அதோடு அழைப்பை முடித்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வருடம் பல்லைக் கடைய இரண்டாவதாக ஓர் இயந்திரம் வாங்க இருந்தோம். அது வந்தால்தான் பெரிய மருத்துவமனைகளின் வேலையை ஏற்க முடியும். எல்லாம் ஒரே ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்க, இவள் பெட்டி மேல் கால் வைக்கச் சொல்கிறாள்.

"அக்கா, வக்கீல் சொன்னதைச் சொல்லு. போதும்."

"அது நிஜமா?"

"காகிதத்துல அப்படித்தான் இருக்கு."

"நான் கேட்டது காகிதத்தை இல்ல."

"நீ ஒன்பது வருஷம் வேலை பாத்தியே அந்தப் பட்டறையில, உனக்கு யாரு கொடுத்தா லீவு?" வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்துத்தான் கேட்டேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. "யாரும் கொடுக்கல."

எனக்கு அரையும் குறையுமாகத் தெரிந்ததை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். பதினாறு வயதில் ஒரு பெரிய பட்டறையில் பிளாஸ்டர் கலக்கப் போனவள், ஒன்பது வருடத்தில் அங்கே எல்லா வேலையும் கற்றுக்கொண்டாள். தன் மகள் பிறப்பதற்கு முந்தைய நாள் வரை மூட்டை தூக்கியிருக்கிறாள். மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது அவள் நாற்காலியில் வேறொருத்தி. முதலாளி கெட்டவர் இல்லை. "நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி, எப்ப வேணா வந்துட்டுப் போ" என்றாராம். பிறகு இந்தப் பட்டறையைத் திறக்க அனுபவச் சான்று கேட்டார்கள். அங்கே போனால் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரே இல்லை. ஒன்பது வருடமும் ‘உதவி’ என்ற ஒரு வரியில் இருந்திருக்கிறாள். கடைசியில் மூன்று அதிகாரிகள் முன்னால் இரண்டு நாள் பல் செய்து காட்டித்தான் உரிமம் வாங்கினாள்.

"வீட்டுப் பொண்ணு மாதிரின்னு நானும் அவகிட்ட சொல்லலாம். சொன்னா அவளும் நம்புவா" என்றாள். எழுந்து உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

விசாரணை செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு. அங்கே காலை பத்து. அக்கா முகம் கழுவி, நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்தாள். நகக்கண்ணில் மட்டும் பிளாஸ்டர் இருந்தது. முதுகை நேராக வைத்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில், படத்தில் விழாத இடத்தில். அத்தான் வாசலில் நின்றார். திரையில் நான்கு கட்டங்கள்: கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி, ஏழு, எங்கள் வக்கீல், எங்கள் மொழியில் பெயர்த்துச் சொல்கிற ஒருவர். ஏழின் முகம் வீங்கியிருந்தது.

அதிகாரி முதல் கேள்வியைக் கேட்டார். "இவர் எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்க வேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள்?"

"நான்தான்" என்றாள் அக்கா.

வக்கீலின் கட்டத்தில் ஒரு கை நெற்றிக்குப் போனது.

"ஆனால் ஒப்பந்தத்தில் இவரே தீர்மானிப்பார் என்று இருக்கிறதே. யார் எழுதியது?"

"என் தங்கச்சி எழுதினா. படிச்ச பொண்ணு. நல்லாத்தான் எழுதியிருக்கா. ஆனா நடக்கறது அது இல்ல."

வாசலில் அத்தான் இருமினார். சிரிப்பை அடக்கும்போது அவருக்கு வருகிற இருமல் அது.

"இவருக்கு உடம்பு சரியில்லை என்றால்?"

"என்கிட்ட சொல்லுவா. நான் அந்த வேலையை ரெண்டுக்குக் கொடுப்பேன்."

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். "ரெண்டு பேருக்கா?"

"இல்லைங்க. ரெண்டுங்கறது ஒருத்தர்."

அவர் அதை எப்படிப் பெயர்த்தாரோ, அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஏழு அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

"இவர் தனக்குப் பதிலாக வேறு யாரையாவது வைத்து இந்த வேலையைச் செய்து தரலாமா?"

தலையை ஆட்டி ‘ஆமாம்’ சொல்லும்படி வக்கீல் திரையில் சைகை காட்டியது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

"கூடாது. முன்பல்லுன்னா அவ கைதான் வேணும். வேற யாரு செஞ்சாலும் நான் கண்டுபிடிச்சிருவேன்."

"வேலையில் தவறு இருந்தால் யார் சொல்வது?"

"நான். அவ வேலையில அதிகம் சொல்ல வேண்டி வராது."

அதிகாரி சற்று நேரம் எழுதினார். பிறகு கேட்டார். "அப்படியானால், அம்மா, இவர் உங்கள் ஊழியர் அல்ல என்று ஏன் எழுதினீர்கள்?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. நான் அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். என்னைக் கைகாட்டியிருந்தால் அது நியாயமாகவும் இருந்திருக்கும்.

"அப்படி எழுதறது சுலபமா இருந்தது. கையெழுத்து என்னோடது" என்றாள்.

அது மொழிபெயர்ந்து போய்ச் சேர சில நொடிகள் ஆயின. அந்த நொடிகளில் நான் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்கு அடியில் அது முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி இறுக்கிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பயப்படாத பெண் என்று அவளைப் பற்றி ஊரில் சொல்வார்கள். பயந்துகொண்டேதான் அந்த வாக்கியத்தை அவள் சொன்னாள். எனக்கு இருக்கும் பெருமை அதில்தான்.

விசாரணை முடிந்ததும் வக்கீல் தொலைபேசியில் அழைத்தார். "இப்படி ஒரு கட்சிக்காரரை நான் பாத்ததில்லம்மா. எதிர்க்கட்சியே வேண்டாம் உங்களுக்கு."

"கட்டணத்தைக் குறைக்காதீங்க, உங்க வேலையைச் செஞ்சீங்க" என்றாள் அக்கா.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. ஏழு எங்கள் ஊழியர். வேலை தொடங்கிய நாளிலிருந்தே ஊழியர். முதலாளி தானாக ஒப்புக்கொண்டதால் அபராதம் இல்லை, பழைய பங்கைத் தவணையில் கட்டலாம். இரண்டாவது இயந்திரம் அந்த வருடம் வரவில்லை. இந்த வருடமும் வராது என்றுதான் நினைக்கிறேன். பெரிய மருத்துவமனை ஒன்று கேட்ட வேலையை முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அக்கா இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நல்லது செய்தால் எல்லாம் நல்லபடியாகத் திரும்பி வரும் என்றெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை.

பதிவு வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. தெரியாத மொழியில் பதினொரு படிவங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் எதை எழுத வேண்டும் என்று ஏழு அங்கிருந்து படம் எடுத்து அனுப்ப, நான் இங்கிருந்து நிரப்பினேன். கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் பொறுப்பைக் குறைக்கும் வழிகள். பொறுப்பை ஏற்கும் படிவத்தில் எந்தப் பெட்டியில் கையெழுத்து என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. இந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன் என்று அதற்கு முன் பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அந்த ஒன்றரை மாதம் கேட்கவில்லை, நேரம் இல்லை.

செய்தி மற்ற இருவருக்கும் போனது. முன்மூணு சிரித்தார். அவர் இன்னும் மூன்று பட்டறைகளுக்கு வரைகிறவர். "என்னை விட்டுருங்க, எனக்கு முதலாளியே ஆகாது" என்று எழுதினார். அவர் உண்மையிலேயே தனித் தொழில்காரர்தான். ரெண்டிடம் உங்களுக்கும் நியமனக் கடிதம் வேண்டுமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அந்த ஆமாம் எந்த ஆமாம் என்று தெரியாமல், இதில் எது தப்பாகப் போகும் என்று அக்கா பாணியில் கேட்டேன். பதில் வர ஒரு நாள் ஆனது. ‘நீங்கள் மறந்துவிடுவது’ என்று வந்தது. அவர் நாட்டுச் சட்டத்தை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.

மென்பொருளை எடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். வேண்டாம் என்று தடுத்தது ஏழு. சட்டப்படி தினம் எட்டு மணி நேரத்துக்கு மேல் அவளிடம் வேலை வாங்கக் கூடாது, அந்தத் தாள் இருந்தால்தான் அங்கே ஐந்து மணி ஆனதும் அக்கா விடுவாள் என்றாள். அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "யாருக்கு யாரு முதலாளின்னே தெரியல" என்று முணுமுணுத்துக்கொண்டு, ஐந்து மணிக்கு விட்டாள்.

பிறகு ஏழு விடுப்பில் போனாள். பெண் குழந்தை. அத்தான், "என்ன பேரு வெப்பே? ஏழே காலா?" என்று கேட்டு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பதினெட்டு வாரமும் முன்பற்களை வரைய ஆள் இல்லை. அக்கா தானே கணினியில் உட்கார்ந்தாள். தூரிகையில் அவளுக்கு இருக்கிற கை, சுட்டியில் இல்லை. ஏழு ஒரு மணி நேரத்தில் முடிப்பது அவளுக்கு அரை நாள் எடுத்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு பள்ளி ஆசிரியையின் வேலை வந்தது. அவர் கீழே விழுந்ததில் மேல் முன்பற்கள் இரண்டும் உடைந்துபோயிருந்தன. அடுத்த திங்கள் வகுப்புக்குத் திரும்ப வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். அக்கா மூன்று தடவை வரைந்து மூன்று தடவை அழித்தாள். இரண்டு பல்லும் சரியாகத்தான் இருந்தன. சேர்த்துப் பார்த்தால் மட்டும் ஏதோ ஒன்று பொய் சொன்னது. கையைத் தொலைபேசிக்கு நீட்டினாள்.

"ஒரு நிமிஷம்தான். ஓரத்தை எவ்வளவு சாய்ப்பான்னு கேட்டுட்டு வெச்சுடறேன்."

"அக்கா, கூடாது. விடுப்புல இருக்கறவங்களை வேலைக்காகக் கூப்பிடக் கூடாதுன்னு தீர்ப்புலயே இருக்கு."

"கூப்பிட்டா அவ ஒண்ணும் சொல்லமாட்டா."

"சொல்லமாட்டா. அதான்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் முறைத்தாள். நானும் பார்வையை எடுக்கவில்லை. எனக்கு அப்படி அவளை எதிர்த்து நின்று பழக்கம் இல்லை. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏழு இதுவரை வரைந்த முன்பற்களையெல்லாம் திறக்கச் சொன்னாள். நாலு வருட வேலை. ஒவ்வொன்றாகத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாற்பதோ ஐம்பதோ பார்த்த பிறகு, "பாரு, ரெண்டையும் ஒரே மாதிரி அவ வெச்சதே இல்ல. இடது பக்கத்தை ஒரு நூல் அளவு திருப்பி விடறா. நான் ரெண்டையும் ஒரே மாதிரி வரைஞ்சுக்கிட்டே இருக்கேன்" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மதிய உணவுக்கு எழவில்லை. மாலை நான்கு மணிக்கு முடித்து இயந்திரத்துக்கு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை அத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். சனிக்கிழமை மருத்துவர் படம் அனுப்பினார்: ஆசிரியை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். எது புதுப்பல் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடியும் பெரிதாக்கினாள்.

"ஏழு பண்ணியிருந்தா இன்னும் கொஞ்சம் நல்லா வந்திருக்கும்" என்றாள். "இன்னும் எத்தனை வாரம் இருக்கு அவளுக்கு?"

"பதினைஞ்சு."

"ம்" என்றுவிட்டு, வரிசையில் இருந்த அடுத்த வாயைத் திரையில் திறந்தாள்.